கால்வினின் புலி: கேட்கக் கூடாத ஒரு கேள்வி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1985 நவம்பர் 18, திங்கட்கிழமை. அன்று காலை அமெரிக்காவின் 35 நாளிதழ்களில் ஒரு புதிய படக்கதை தொடங்கியது. தலையில் வேட்டைக்காரத் தொப்பி வைத்த ஆறு வயதுப் பையன், புலிக்குப் பொறி வைத்திருப்பதாகவும் அதைப் போய்ப் பார்க்கவேண்டும் என்றும் அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். பொறியில் வைத்த இரை டூனா மீன் சாண்ட்விச். கடைசிக் கட்டத்தில் கயிற்றில் தலைகீழாகத் தொங்குகிறது ஒரு புலி. மாட்டிக்கொண்ட கவலை அதற்குத் துளியும் இல்லை, சாண்ட்விச்சைத் தின்றுகொண்டிருக்கிறது.

பையன் பெயர் கால்வின், புலி ஹாப்ஸ். 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தவாதி ஒருவரின் பெயரும், 17ஆம் நூற்றாண்டின் அரசியல் தத்துவ அறிஞர் ஒருவரின் பெயரும் இப்படி ஒரு குறும்புக்காரனுக்கும் ஒரு புலிக்கும் வந்து சேர்ந்தன. வரைந்தவர் பில் வாட்டர்சன். ஒஹாயோ மாநிலத்தின் கென்யன் கல்லூரியில் அரசியல் அறிவியல் படித்தவர் என்பதால் இரண்டு பெயர்களும் அவர் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தன.

அடுத்த பத்து ஆண்டுகளில் இந்தப் படக்கதை 2,400க்கும் மேற்பட்ட நாளிதழ்களுக்குப் பரவியது. மொத்தம் 3,160 படக்கதைகள். 1995 டிசம்பர் 31, ஞாயிற்றுக்கிழமை, புகழின் உச்சியில் இருக்கும்போதே வாட்டர்சன் அதை நிறுத்திவிட்டார். ஆறு வயதில் தொடங்கிய கால்வின் ஆறு வயதிலேயே விடைபெற்றான்.

இந்தப் பத்தாண்டுச் சாதனையின் நடுவே ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. ஹாப்ஸ் உண்மையான புலியா, பஞ்சு அடைத்த பொம்மையா? வாட்டர்சன் இதற்குக் கடைசிவரை விடை சொல்லவில்லை. சொல்ல மறுத்தார் என்பதே சரி. குழந்தையின் கற்பனையைப் பற்றி ஒரு பெரியவர் எடுக்கக்கூடிய மிக மரியாதையான நிலை அந்த மறுப்புதான் என்பதை நிறுவ முயல்கிறது இந்த உரை.

முதலில் கோட்டோவியத்திலிருந்தே தொடங்கலாம். கால்வினும் ஹாப்ஸும் தனியாக இருக்கும் கட்டங்களில் ஹாப்ஸ் கால்வினைவிட உயரம். இரண்டு காலில் நடக்கிறது, மரத்தில் சாய்ந்து பேசுகிறது, சறுக்குவண்டியில் பின்னால் உட்கார்ந்து பயப்படுகிறது. அம்மாவோ அப்பாவோ பக்கத்து வீட்டு சூசியோ கட்டத்துக்குள் வந்த நொடியில் அதே இடத்தில் இருப்பது ஒரு சிறு துணிப் பொம்மை. கண்ணுக்கு இரண்டு புள்ளி, குட்டைக் கை, தொய்ந்த உடல். இந்த மாற்றம் எப்போது நடக்கிறது? இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியில். புலி பொம்மையாவதையோ பொம்மை புலியாவதையோ ஒரு கட்டத்திலும் நாம் பார்ப்பதில்லை. திரைப்படமாக எடுத்திருந்தால் இயக்குநர் அந்தக் கணத்தைக் காட்டியே ஆகவேண்டும், அல்லது காட்டாமல் தவிர்க்கிறார் என்பதாவது தெரிந்துவிடும். செய்தித்தாள் படக்கதைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையே என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. வாட்டர்சன் தம் கதையின் ஆழமான ரகசியத்தை அந்த அரை அங்குல வெற்றிடத்தில் வைத்துப் பாதுகாத்தார்.

கால்வினின் மற்றக் கற்பனைகளை அவர் இப்படிக் கையாளவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். விண்வெளி வீரன் ஸ்பிஃப், முகமூடி அணிந்த மாவீரன், துப்பறிவாளன் டிரேசர் புல்லட் என்று கால்வின் பல அவதாரம் எடுக்கிறான். ஸ்பிஃப் அந்நியக் கோளில் தரையிறங்கிக் கொடிய வேற்றுக்கிரக உயிரிடம் சிக்கிக்கொள்வான். கடைசிக் கட்டத்தில் அந்த உயிர் வகுப்பாசிரியை வார்ம்வுட் என்று தெரியும், கணக்குக் கேள்விக்கு விடை தெரியாமல் கால்வின் நிற்பான். அங்கே கற்பனை உடைகிறது, வகுப்பறை திரும்பிவிடுகிறது. இவை பகற்கனவுகள், கால்வினுக்கும் அது தெரியும். ஹாப்ஸ் மட்டும் ஒருபோதும் கால்வினின் கண்ணெதிரில் பொம்மையாக முடிவதில்லை.

இதோடு வாட்டர்சன் நின்றுவிடவில்லை. பகுத்தறிவால் முடிச்சவிழ்க்க முடியாத சம்பவங்களையும் வைத்தார். ஹூடினியைப் போலக் கட்டிலிருந்து தப்பிக்கும் வித்தையைப் பழகவேண்டும் என்று கால்வின் ஆசைப்படுகிறான். ஹாப்ஸ் அவனை நாற்காலியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டுகிறது. அவனால் அவிழ்க்க முடியவில்லை. அப்பா வந்து பார்க்கிறார்: இறுகக் கட்டப்பட்ட மகன், பக்கத்தில் ஒரு துணிப் பொம்மை. தன்னைத்தானே இப்படி யாரால் கட்டிக்கொள்ள முடியும்? அப்பாவுக்கு விளங்கவில்லை, கோபம் மட்டும் வருகிறது. பள்ளியிலிருந்து வீடு திரும்பும் கால்வின் மேல் ஹாப்ஸ் கதவருகே பாய்ந்து விழுவது வாராவாரம் நடக்கும் சடங்கு. அம்மாவின் கண்ணில் படுவது சேறும் சிராய்ப்புமாக உள்ளே வரும் பையன் மட்டுமே.

அட்டைப்பெட்டிக் கதைகளும் அப்படித்தான். ஒரு பெட்டியைக் கவிழ்த்து வைத்தால் உருமாற்றும் எந்திரம், பக்கவாட்டில் சாய்த்தால் நகலெடுக்கும் எந்திரம், நிமிர்த்தினால் காலப் பயண வண்டி. நகலெடுக்கும் எந்திரம் கால்வினைப் போலவே பல பையன்களை உண்டாக்கிவிடுகிறது. ஐந்தாறு கால்வின்கள் வீட்டையும் பள்ளியையும் கலக்குகிறார்கள். அம்மா பார்ப்பது ஒரே பையனைத்தான். ஆனால் இவ்வளவு சேட்டையை ஒருவனே எப்படிச் செய்ய முடியும் என்று அவளுக்கே குழப்பம்.

ஹாப்ஸைப் பற்றி வாட்டர்சன் எழுதியது தெளிவானது. பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி 1995இல் வந்த தொகுப்பில் அவர் சொன்னதன் சாரம் இது: அற்புதத்தால் உயிர்பெறும் பொம்மையாகத் தாம் ஹாப்ஸை நினைக்கவில்லை, கால்வினின் கற்பனை விளைவாகவும் நினைக்கவில்லை. கால்வின் ஒரு விதமாகப் பார்க்கிறான், மற்றவர்கள் வேறு விதமாகப் பார்க்கிறார்கள், இருவர் பார்வையும் அவரவருக்கு முழுமையானது. வளர்ந்தவர்களின் உலகத்துக்கும் இந்த விதி பொருந்தும் என்பது அவர் எண்ணம்.

இதே எண்ணத்தை அதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே வேறொரு துறையில் ஒருவர் சொல்லிவிட்டார். குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான இங்கிலாந்தின் டி. டபிள்யூ. வினிகாட், குழந்தைகள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் போர்வை முனை, கரடிப் பொம்மை போன்றவற்றைப் பற்றி 1951இல் ஒரு கட்டுரை படித்தார். 1953இல் அது அச்சானது. அந்தப் பொருள் குழந்தைக்கு வெளியே கிடைத்ததா, அல்லது குழந்தையே படைத்ததா? இந்தக் கேள்வியைக் குழந்தையிடம் கேட்பதில்லை என்று பெரியவர்கள் சொல்லாமலே ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்றார் வினிகாட். கேள்வியே எழக்கூடாது என்பதுதான் அவர் கருத்தின் மையம். அந்த நடுவெளியிலிருந்துதான் விளையாட்டும் பின்னாளில் கலையும் சமயமும் பிறக்கின்றன என்று அவர் வாதிட்டார். பொறியில் சிக்கிய புலியாக ஹாப்ஸ் அறிமுகமாவதை இதோடு வைத்துப் பார்க்கலாம். கால்வின் அதைப் பிடித்தானா, படைத்தானா? முதல் நாளிலேயே இரண்டும் உண்மை.

செய்தித்தாள் படக்கதையில் குழந்தைக் கற்பனைக்கு வாட்டர்சனுக்கு முன்பே நீண்ட மரபு உண்டு. 1905 அக்டோபர் 15 அன்று ‘நியூயார்க் ஹெரால்ட்’ நாளிதழில் வின்சர் மக்கே ‘உறக்க நாட்டில் குட்டி நீமோ’வைத் தொடங்கினார். முழுப் பக்கம், வண்ண அச்சு, நடக்கும் கட்டில்கள், காளான் காடுகள். ஆனால் வாராவாரம் கடைசிக் கட்டத்தில் நீமோ கட்டிலிலிருந்து விழுந்தோ திடுக்கிட்டோ விழித்துவிடுவான். கனவு எவ்வளவு அழகாக இருந்தாலும் கடைசிச் சொல் விழிப்புக்கே. 1942இல் ‘பி.எம்.’ என்ற நியூயார்க் நாளிதழில் கிராக்கெட் ஜான்சன் தொடங்கிய ‘பார்னபி’ இதற்கு நேர்மாறு. ஐந்து வயதுப் பார்னபிக்குத் தேவதைக் காவலராக வந்து சேரும் ஓமாலி குட்டையானவர், சுருட்டையே மந்திரக்கோலாக வைத்திருப்பவர். அவர் கதைக்குள் உண்மையாகவே இருக்கிறார், வாசகருக்கு அதில் சந்தேகமே இல்லை. பெற்றோர் மட்டும் நம்ப மறுக்கிறார்கள். நகைச்சுவை அவர்களின் குருட்டுத்தனத்தில் பிறக்கிறது. 1952இல் அந்தக் கதை முடிந்தபோது பார்னபிக்கு ஆறு வயது நிறைந்தது. ஆறு வயதுக்குமேல் தேவதைக் காவலர் கூடாது என்ற விதிப்படி ஓமாலி விடைபெற்றார்.

நீமோவில் வெற்றி பெரியவர்களின் உலகத்துக்கு, பார்னபியில் குழந்தைக்கு. சார்ல்ஸ் ஷுல்ஸின் ‘பீனட்ஸ்’ மூன்றாவது வழியில் போனது. 1965 அக்டோபரில் ஸ்னூப்பி என்ற நாய், தன் குடிலின் கூரையை முதல் உலகப்போர் விமானமாக்கிப் பறந்தது. அங்கே கனவு காண்பது நாய். குழந்தைகள் பெரியவர்களைப் போலக் கவலைப்படுகிறார்கள். இந்த மரபு வாட்டர்சனுக்குப் புதிதல்ல. ஷுல்ஸும், ‘கிரேஸி கேட்’ வரைந்த ஜார்ஜ் ஹெரிமனும், ‘போகோ’ வரைந்த வால்ட் கெல்லியும் தம் ஆசான்கள் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் தராசை எந்தப் பக்கமும் சாய்க்காமல் பத்தாண்டுகள் பிடித்திருந்தவர் அவர் ஒருவரே. ஆறு வயது வந்ததும் பார்னபி தோழரை இழந்தான். கால்வினுக்கு ஆறு வயதில்தான் கதையே தொடங்குகிறது.

உளவியலாளர்களும் ஏறத்தாழ இதே காலத்தில் இந்தப் பக்கம் திரும்பினார்கள். கற்பனைத் தோழர் என்றாலே தனிமையின் அடையாளம், கவலைப்பட வேண்டிய விஷயம் என்ற எண்ணம் வெகுகாலம் ஓங்கியிருந்தது. ஒரேகான் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ஜரி டெய்லர் குழந்தைகளிடம் நேரில் உட்கார்ந்து கேட்டார். 1999இல் வந்த அவருடைய நூல் இந்தத் துறையின் அடிப்படை நூல். 2004இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவின்படி, ஏழு வயதை எட்டுவதற்குள் ஏதோ ஒரு கட்டத்தில் கற்பனைத் தோழர் இருந்த குழந்தைகள் 65 விழுக்காடு. கண்ணுக்குத் தெரியாத தோழர்களோடு, உயிருள்ளதாகப் பாவித்துப் பேசிப் பழகும் பொம்மைகளையும் இந்தக் கணக்கில் அவர்கள் சேர்த்தார்கள். ஹாப்ஸும் கணக்கில் வந்துவிடும்.

டெய்லர் கண்டவற்றில் இரண்டு செய்திகள் இந்தப் படக்கதையை வாசிக்க மிகவும் உதவுகின்றன. ஒன்று, பெரும்பாலான குழந்தைகளுக்குத் தம் தோழர் பாவனை என்பது நன்றாகத் தெரியும். பேட்டி எடுப்பவர் மும்முரமாகக் குறிப்பெடுப்பதைப் பார்த்துவிட்டு, இது சும்மா விளையாட்டுதான் என்று நினைவூட்டிய குழந்தைகளும் உண்டு. இன்னொன்று, அந்தத் தோழர்கள் சொன்னபடி கேட்பதில்லை. ஒரு குழந்தையின் தோழர்கள் சன்னலுக்கு வெளியே மரத்தில் குடியிருந்த இரண்டு வண்ணப் பறவைகள். இரண்டும் ஓயாமல் பேசித் தொல்லை கொடுத்தன. விளையாட அழைத்தால் வராத தோழர், வேண்டாத நேரத்தில் வந்து நிற்கும் தோழர், முரண்டு பிடிக்கும் தோழர் என்று குழந்தைகள் குறைசொன்னார்கள். தானே உண்டாக்கிய ஒன்று தன் பேச்சைக் கேட்காமல் போவது எப்படி? டெய்லர் இதே கேள்வியை 50 புனைகதை எழுத்தாளர்களிடம் கொண்டுபோனார். தம் பாத்திரங்கள் தம் விருப்பத்துக்கு மாறாகப் பேசி நடப்பதாக உணர்ந்ததை அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். 2003இல் இந்த ஆய்வு வெளியானது. அகாதா கிறிஸ்டி தம் தன்வரலாற்றில் சிறுவயதுக் கற்பனைத் தோழர்களை விரிவாக நினைவுகூர்வதும் இங்கே பொருத்தமாக இருக்கிறது.

ஹாப்ஸின் அழகே அது கால்வினுக்குக் கட்டுப்படாததில்தான். கால்வின் பெண்களை விலக்கி ஒரு ரகசியச் சங்கம் அமைத்தால், ஹாப்ஸ் சூசியைப் பார்த்து வாலாட்டும். கால்வின் பெரிய தத்துவம் பேசினால் ஒரே வரியில் அதைக் கவிழ்க்கும். சண்டையில் அவனை அடித்துப்போடும். கால்வின் விரும்புவது தனக்கு எப்போதும் ஆமாம் போடும் ஆளை. அவன் மனம் அவனுக்குக் கொடுத்ததோ தன்னைவிட நிதானமான, தன்னைவிட நல்ல தோழனை. உடன்பிறப்பு இல்லாத வீட்டில் வளரும் அந்தப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய கொடை! கற்பனைத் தோழர் உள்ள நான்கு வயதுக் குழந்தைகள், பிறர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பதில் முன்னிற்கிறார்கள் என்று டெய்லரும் ஸ்டெஃபனி கார்ல்சனும் 1997இல் காட்டினார்கள். ஹாப்ஸோடு வாதாடியே தன் மனத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு என்று கால்வின் பழகுகிறான் என்று சொன்னால் தவறில்லை.

வாட்டர்சன் இந்தப் புலிக்காகப் போட்ட சண்டையையும் சொல்லவேண்டும். 1980இல் பட்டம் பெற்றதும் ‘சின்சினாட்டி போஸ்ட்’ நாளிதழில் கருத்துப்படம் வரையச் சேர்ந்து, சில மாதங்களிலேயே வேலை இழந்தார். பிறகு பிழைப்புக்காக விளம்பரப் பக்கங்களை வடிவமைத்துக்கொண்டே, நாளிதழ்களுக்குப் படக்கதை விநியோகிக்கும் சிண்டிகேட்டுகளுக்கு அனுப்பி அனுப்பித் திரும்பப் பெற்றார். விண்வெளி வீரன் ஸ்பிஃபும் அப்படி நிராகரிக்கப்பட்ட ஒரு தனிக் கதைதான். இன்னொரு கதையில் துணைப் பாத்திரங்களாக வந்த ஒரு குட்டித் தம்பியும் அவன் துணிப் புலியும் நன்றாக இருக்கிறார்கள், அவர்களையே வளர்த்துப் பாருங்கள் என்றது யுனைடெட் ஃபீச்சர் சிண்டிகேட். அதோடு நிற்கவில்லை. விற்பனைப் பொம்மையாகத் திட்டமிடப்பட்டிருந்த ‘ரோபோமேன்’ என்ற பாத்திரத்தைப் பையனின் கற்பனைக்குள் நுழைக்கச் சொன்னது. அந்த இளைஞர் மறுத்துவிட்டார். கடையில் விற்கப்போகும் ஒரு பொம்மையை ஒரு குழந்தையின் மனத்துக்குள் ஏற்றிவைக்க அவர் கை ஒப்பவில்லை. யுனிவர்சல் பிரஸ் சிண்டிகேட் அதே பையனையும் புலியையும் ஏற்றுக்கொண்டது.

புகழ் வந்ததும் அதே கேள்வி பெரிதாக வந்தது. பொம்மை, சட்டை, கோப்பை, கார்ட்டூன் தொடர் என்று வணிக உரிமத்தில் கோடிக்கணக்கான டாலர் காத்திருந்தது. ஒப்பந்தப்படி உரிமை சிண்டிகேட்டிடம் இருந்தும் வாட்டர்சன் ஆண்டுக்கணக்கில் போராடி 1991இல் தம் பக்கம் திருத்தி எழுதவைத்தார். அவருடைய காரணங்கள் பல. அவற்றில் மிக ஆழமானது ஹாப்ஸைப் பற்றியது: ஹாப்ஸ் பொம்மையா இல்லையா என்பதை ஒரு பொம்மைக் கம்பெனி தீர்மானிக்க விடமாட்டேன் என்பது அவர் நிலை. துணி ஹாப்ஸ் கடை அலமாரிக்கு வந்த மறுநாளே விடை சொல்லப்பட்டுவிடும். கால்வினின் அப்பா பார்ப்பதே உண்மை என்று ஆகிவிடும். கார்களின் பின்புறம் ஒட்டியிருக்கும் கால்வின் ஸ்டிக்கர்கள் எல்லாம் திருட்டு அச்சு. அவற்றுக்கும் வாட்டர்சனுக்கும் சம்பந்தமில்லை.

இந்த முடிவைப் பிடிவாதம் என்று சக ஓவியர்கள் சிலர் நினைத்தார்கள். வின்னி த பூவின் கதையை நினைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. அந்தக் கரடி கிறிஸ்டஃபர் மில்ன் என்ற உண்மையான சிறுவனின் பொம்மை. அது உலகத்துக்கே சொந்தமான பிறகு அந்தப் புகழ் தம்மைப் பள்ளிக் காலத்திலிருந்து எப்படித் துரத்தியது என்பதை 1974இல் அவர் நூலாகவே எழுதினார். அவருடைய கரடி இப்போது நியூயார்க் பொது நூலகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது.

இன்னொரு சண்டை இடத்துக்காக நடந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்ணப் படக்கதைகளை நாளிதழ்கள் தம் வசதிக்கு வெட்டிச் சுருக்கிக்கொள்ளும். மேல் வரிசையைத் தூக்கி எறிந்தாலும் கதை புரியும்படி ஓவியர் வரைந்து தரவேண்டும். இரண்டு நல்ல கட்டங்கள் எப்போதும் வீண். 1991 மே முதல் ஒன்பது மாதம் ஓய்வெடுத்துத் திரும்பிய வாட்டர்சன், 1992 பிப்ரவரியிலிருந்து வெட்ட முடியாத அரைப் பக்கமாக மட்டுமே ஞாயிறு கதையைத் தருவேன் என்றார். பத்திரிகையாசிரியர்கள் கொதித்தார்கள். ஆனால் நிறுத்தியவர்கள் மிகச் சிலரே. அதற்குப் பிறகு வந்த ஞாயிறு பக்கங்களைப் பார்த்தால் அந்தக் கோபத்துக்கெல்லாம் விடை இருக்கிறது: பக்கத்தை நிறைக்கும் டைனோசர்கள், எல்லைக்கோடு இல்லாத பள்ளத்தாக்குகள், ஒரு சொல்கூட இல்லாத பனிக்காலங்கள். குழந்தையின் கற்பனை எவ்வளவு பெரியது என்று காட்ட முதலில் காகிதம் வேண்டியிருந்தது. ஹெரிமனுக்கும் மக்கேக்கும் முழுப் பக்கம் கிடைத்த காலத்தை அவர் ஏக்கத்தோடு பேசியதன் பொருள் அதுதான்.

பெற்றோரைப் பற்றியும் ஒரு சொல். கால்வினின் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கதை முழுக்கப் பெயரே இல்லை. 1988இல் மேக்ஸ் மாமா என்று ஒருவரை வாட்டர்சன் கொண்டுவந்தார். அவர் கால்வினின் பெற்றோரைப் பெயர் சொல்லி அழைக்க முடியாமல் உரையாடல் முட்டியது. மாமா போனவர் திரும்பவே இல்லை. பெயரில்லாத அந்த இருவரும் ஹாப்ஸை ஒருபோதும் புலியாகப் பார்த்ததில்லை. ஆனாலும் வெளியூர் திருமணத்துக்குப் போயிருந்தபோது வீட்டில் திருடர்கள் புகுந்த தொடர்கதை ஒன்று உண்டு. அவசரத்தில் ஹாப்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். திரும்பி வந்து, உடைந்த வீட்டைப் பார்த்ததும் கால்வின் தேடி ஓடுவது ஹாப்ஸைத்தான். ஹாப்ஸ் இருக்கிறது, அவனைப் பொறுத்தவரை எதுவும் திருட்டுப் போகவில்லை. அன்று இரவு தூக்கம் வராமல் படுத்திருக்கும் அப்பா, பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று தாம் சிறுவயதில் நம்பியதை நினைத்துப் பார்க்கிறார். இப்போது அந்த இடத்துக்கு வந்து பார்த்தால் ஒவ்வொன்றையும் அவ்வப்போது சமாளித்துத்தான் ஓட்டவேண்டியிருக்கிறது. பொம்மையைக் கட்டிக்கொண்டு மகன் நிம்மதியாகத் தூங்குகிற வீட்டில், விழித்திருப்பவர்களுக்குத்தான் துணையில்லை. இந்தத் தொடரை வாசித்த பிறகு, பெரியவர்களைக் கேலி செய்யும் படக்கதை இது என்று யாரும் சொல்ல முடியாது.

1995க்குப் பிறகு வாட்டர்சன் பொதுவெளியில் வந்தது அரிது. மூலப் படங்கள் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலகத்தில் இருக்கின்றன. 2014இல் அங்கே ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அவர் மீண்டும் நாளிதழுக்கு வரைந்ததும் அதே ஆண்டு ஜூனில்தான். ஸ்டெஃபன் பாஸ்டிஸின் ‘பேர்ல்ஸ் பிஃபோர் ஸ்வைன்’ கதையில் லிபி என்ற இரண்டாம் வகுப்புச் சிறுமி, உங்களைவிட நான் நன்றாக வரைவேன் என்று ஓவியரிடம் தூரிகையைப் பிடுங்கிக்கொள்வாள். அவள் வரைந்ததாக மூன்று நாள் வந்த கட்டங்களை வரைந்தவர் வாட்டர்சன். அது வாசகர்களுக்கு முன்கூட்டித் தெரியாது.

அந்த மூன்று நாள் கட்டங்களின் மூலப் படங்கள் பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஏலம் போயின. அந்த நிதி முயற்சிக்கு ‘டீம் கல் டி சாக்’ என்று பெயர். ரிச்சர்ட் தாம்சனின் ‘கல் டி சாக்’ படக்கதையின் பெயரைத் தாங்கியது அது. அந்தக் கதையின் நாயகி ஆலிஸுக்கு நான்கு வயது; தெருவிலிருக்கும் பாதாளச் சாக்கடை மூடி அவளுக்கு நடன மேடை. கால்வினுக்குப் பின் வந்தவற்றில் குழந்தை மனத்துக்கு இவ்வளவு நெருங்கி வந்த செய்தித்தாள் படக்கதை வேறில்லை. வாட்டர்சனும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும்: 2008இல் அதன் முதல் தொகுப்புக்கு முன்னுரை எழுதினார். 2011இல், தாம்சனுக்காக, ஆலிஸின் அண்ணன் பீட்டியை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிக் கொடுத்தார். பார்க்கின்சன் நோயால் கை ஒத்துழைக்காமல் போய் 2012இல் தாம்சன் வரைவதை நிறுத்தினார், 2016இல் காலமானார். ஆலிஸ் அந்த மூடிமேல் ஆடும் நாள்கள் தொகுப்புகளில் இருக்கின்றன. கால்வினைப் படித்து முடித்த குழந்தைகளுக்கு அடுத்து வாங்கித் தரவேண்டியவை அவை.